ஒப்படைக்காத உழைப்பு

நிரலாளர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு ஒரே கட்டளையில் காணாமல் போகும்போது, சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: முன்பே கமிட் செய்திருக்க வேண்டும், அதாவது திருத்தத்தைக் கருவியிடம் பதிந்து ஒப்படைத்திருக்க வேண்டும். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் ஐம்பதாண்டு வரலாறு இந்தத் தீர்ப்பை ஏற்க விடுவதில்லை. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ்ஸில், கோப்பை ‘கெட்’ கட்டளையால் எடுத்துத் திருத்தி, ‘டெல்டா’ கட்டளையால் ஒப்படைக்க வேண்டும். பதிவான பத்திரத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் சார்பதிவாளர் அலுவலகம் போல, ஒப்படைத்ததற்கு மட்டுமே அது பொறுப்பேற்றது. ‘அன்கெட்’ கொடுத்தால் திருத்திக்கொண்டிருந்த கோப்பையே நீக்கிவிடும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ்ஸும் இதே எல்லையில் நின்றது. எடுப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் இடைப்பட்ட நேரம், உழைப்பு உண்மையில் நடக்கும் நேரம், காவலுக்கு வெளியே விடப்பட்டது.

வேறு வழி இல்லாததால் அப்படி விட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1977-இல் அறிவிக்கப்பட்ட விஎம்எஸ் இயங்குதளத்தில், கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் புதிய எண்ணோடு இன்னொரு பிரதி உருவாகும். பழையவை வேண்டாமென்றால் பயனர்தான் ‘பர்ஜ்’ கட்டளையால் நீக்க வேண்டும். வட்டில் இடம் மிக அரிதாக இருந்த காலத்திலேயே இது நடைமுறையில் இருந்தது. சிவிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் பின்னாளில் சேர்ந்த ஒரு வசதியும் கவனிக்கத்தக்கது: திருத்தங்களைக் கைவிட்டு, பதிவுகள் சேரும் களஞ்சியத்தின் தூய பிரதியைக் கேட்டால், திருத்திய கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவைத்த பிறகே அது மேலெழுதும். சிவிஎஸ்ஸுக்கு மாற்றாக எழுந்த சப்வெர்ஷனின் ‘ரிவர்ட்’ கட்டளை அத்தகைய பிரதி எதையும் வைப்பதில்லை. கருவிகள் முன்னேறின; இந்த ஒரு விஷயத்தில் பாதுகாப்பு குறைந்தது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. ‘கிட் ரீசெட் ஹார்ட்’ எதுவும் கேட்காமல் திருத்தங்களை அழிக்கும். ஆனால் கமிட்டுக்குக் கோப்பைத் தேர்ந்துவைக்கும் ‘கிட் ஆட்’ கட்டளையைக் கொடுத்த கணத்திலேயே கோப்பின் உள்ளடக்கம் சுருக்கப்பட்டு, கமிட் ஆகும் முன்பே களஞ்சியத்தில் பதிந்துவிடுகிறது. அந்தத் தொடக்க ஏப்ரல் வடிவத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இப்படி முன்பே பதிவதால்தான் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ என்ற தெரிவோடு இயக்கினால், யாரும் சுட்டாமல் கிடக்கும் துண்டுகள் வெளியே வருகின்றன. அவற்றுக்குக் கோப்புப் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே அடையாளம் காண வேண்டும். இயல்பான அமைப்பில் இரண்டு வாரம் கடந்த துண்டுகளைக் குப்பை நீக்கம் துடைத்துவிடும். ‘ஆட்’ செய்யாத திருத்தத்துக்கோ இந்த வாய்ப்பும் இல்லை. எடிட்டர் தன் பொறுப்பில் பிரதி வைத்திருந்தால் உண்டு. ஆக, கிட் தரும் மீட்பு அதன் சேமிப்பு முறையின் உபவிளைவு. பயனரின் உழைப்பைக் காப்பதற்கென்று வகுத்த ஏற்பாடு அல்ல.

அழிக்கச் சொன்னவர் பயனர்தானே என்று கேட்கலாம். அவர் கேட்டது பழைய நிலைக்குத் திரும்புவதை. எதை இழக்கிறோம் என்பதை அந்தக் கட்டளை அவருக்குக் காட்டுவதில்லை. அரைகுறைத் திருத்தங்களையெல்லாம் பதிந்தால் வரலாறு குப்பையாகும் என்பது இதைவிட வலுவான வாதம். ஆனால் காத்துவைப்பதும் வெளியிடுவதும் இருவேறு செயல்கள். ஜுஜுட்சு என்ற புதிய கருவி, தன் பெரும்பாலான கட்டளைகள் இயங்கும்போது பணிக் கோப்புகளின் நிலையைத் தானே பதிந்துகொள்கிறது; பிறருக்குக் காட்டும் வரலாற்றைப் பயனர் பிறகு செம்மைப்படுத்திக்கொள்ளலாம். கடவுச்சொல் போன்ற ரகசியங்களும் பதிவாகுமே என்ற கவலை நியாயமானது. விலக்கவேண்டிய கோப்புகளின் பட்டியலும், பிரதிகளுக்கு ஒரு காலவரம்பும் அதைப் பெருமளவு குறைக்கும். கமிட் செய்யும் பழக்கம் நல்லதுதான். ஆனால் அசதியிலும் அவசரத்திலும் வேலை செய்யும் மனிதரின் பழக்கத்தை மட்டுமே நம்பி ஒரு கருவியை வடிவமைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். அழிக்கும் கட்டளை எதுவானாலும் முதலில் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும். இனி எழுதப்படும் கருவிகளுக்கு இதையே அடிப்படை விதியாக வைக்கலாம்.