ஒண்ட வந்த பாக்டீரியா

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. சுமார் 150 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கியா வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிருக்குள் போய்ச் சேர்ந்தது. விழுங்கப்பட்டதா, தானே நுழைந்ததா என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. எப்படியோ, செரிக்கப்படாமல் தப்பி, உள்ளேயே பெருகியது.

இதைச் சொன்னவர்களை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. செல்லுக்குள் தெரிந்த துகள்களைத் தனி உயிர்கள் என்றே 1890இல் எழுதினார் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஆல்ட்மன். 1920களில் அமெரிக்கர் ஐவன் வாலின் அவை பாக்டீரியாவே என்று வாதாடினார், எடுபடவில்லை. இதே கருத்தைச் சொன்ன லின் மார்குலிஸின் கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின. 1967இல்தான் அது அச்சேறியது.

சாட்சி வெளியே இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் உடலிலேயே இருந்தது. அதற்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு என்பதை 1963இல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதி கோழிக் கருவின் செல்களில் கண்டார்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை 1981இல் கேம்பிரிட்ஜில் முழுதாகப் படித்தார்கள்: 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். பாக்டீரியாவில் இருப்பது போலவே வளைய வடிவம். புரதம் செய்யும் அதன் ரைபோசோமும் பாக்டீரியாச் சாயல்தான். அதனால்தான் பாக்டீரியாவின் புரத உற்பத்தியை முடக்கும் குளோராம்பெனிகால் மருந்து இதையும் பாதிக்கிறது. புதிய மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லால் அடியிலிருந்து கட்ட முடியாது. இருப்பதுதான் வளர்ந்து பிரிய வேண்டும்.

சவ்வுகள் இரண்டு. வெளிச்சவ்வு வழவழப்பானது; உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உள்நோக்கி நீள்கிறது. பாக்டீரியாச் சவ்வுகளில் காணப்படும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இந்த உட்சவ்விலும் நிறைய இருக்கிறது. உணவிலிருந்து பெற்ற எலக்ட்ரான்கள் உட்சவ்வு வழியே கைமாறி ஆக்சிஜனைச் சேரும்போது, புரோட்டான்கள் வெளிப்புறம் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் வேகத்தில் ஒரு புரதச் சக்கரம் சுழலும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் பிறக்கும். செல்லின் பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே எரிபொருள். மடிப்பு கூடினால் இடம் கூடும், சக்கரங்களும் கூடும்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்கள். இங்கே நடந்தது வேறு: வந்ததன் சொத்து வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. மரபணுக்களில் பெரும்பாலானவை தொலைந்தன, அல்லது உட்கருவுக்குப் போய்விட்டன. நம் மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. அது தன் மரபணுக்களைக் கொண்டு செய்துகொள்பவை 13 மட்டுமே. மற்றவை வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

2016இல், சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலிலிருந்து பிரித்தெடுத்த மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற நுண்ணுயிரில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்று தெரியவந்தது. அதன் முன்னோர்களிடம் இருந்தது, பின்னர் தொலைந்துவிட்டது. வீட்டுக்காரர் குடியிருந்தவரை இழந்தும் பிழைத்ததற்கு இப்படி ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. வெளியேறித் தனியாகப் பிழைத்த மைட்டோகாண்ட்ரியா மட்டும் இதுவரை அகப்படவில்லை.