ஆறு வற்றிய ஆண்டு

சப்ரகமுவாவின் றப்பர்த் தோட்டங்களிடையே ஓடும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டுவோமாயின், அதனடியில் ஓர் உலகமே வாழக் காண்போம். நத்தைகள், புழுக்கள், தும்பிகளின் குடம்பிகள் எனச் சிற்றுயிர்கள் பல அங்கே ஒன்றையொன்று உண்டு வாழ்கின்றன. நீரில் பிறக்கும் நுளம்புக் குடம்பிகளைத் தும்பிக் குடம்பிகள் தின்னும். எஞ்சியவற்றை ஓடும் நீர் அடித்துச் செல்லும். இவ்வொழுங்கு குலைந்த ஆண்டொன்று கேகாலை மாவட்டத்தின் வரலாற்றில் உண்டு.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் களனி கங்கையும் வற்றி, மணற்படுகையில் வெயில் படும் தெளிந்த குட்டைகள் தேங்கின. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு முட்டையிட நாடுவது இத்தகைய நீரையே. ஆண்டிறுதியில் மூண்ட மலேரியா, 1935இன் நடுப்பகுதிக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. மிகக் கொடிய அடிபட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று.

பழியை நுளம்பின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்துவிடலாமா? உலர் வலயத்து மக்கள் இந்நோயோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலை மக்களுக்கு அது இல்லை. இது இயற்கையின் பங்கு. ஆனால், உலகப் பொருளாதார மந்தத்தால் றப்பர் விலை வீழ்ந்து, உழைப்பவன் வயிறு முன்னரே ஒட்டியிருந்ததே, அது யார் பங்கு? நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரொஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து அப்போது 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. அறிவு இருந்தது, ஏழையின் குடிசையைத்தான் அது எட்டவில்லை.

அந்நாளில் சூரியமல் இயக்கத்தார் மருந்தோடு பருப்பையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் அப்பணியில் முன்நின்றனர். பசித்த உடம்புக்குக் கொயினா மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெரேராவை மக்கள் 'பருப்பு மகாத்தயா' என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. மறு ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ருவான்வெல்லை பெரேராவையும், அவிசாவளை பிலிப்பையும் தேர்ந்தெடுத்தன.

வெற்றி நிலையானது என்று எண்ணிச் சோர்ந்தாலும் கேடு வரும். 1963இல் நாடெங்கும் 17 பேருக்கே மலேரியா கண்டது. மருந்து தெளிப்பு தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை இலட்சங்களைத் தொட்டது. பின்னர் நெடுங்காலம் நடந்த பொதுச் சுகாதாரப் பணியின் பயனாக, 2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா அற்றுப்போய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நுளம்பு இன்னும் இருக்கின்றது. ஆறும் இன்னும் வற்றக்கூடியதே.

ஓடைக்கல்லைப் புரட்டும் மாணவனுக்கு அதன் அடியிலுள்ள உயிர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கின்றோம். அந்த ஓடை வற்றியபோது மாண்டவர்களின் கதையையும் உடன் சொல்லிக் கொடுப்பது ஆசிரியராகிய நம் கடன்.