கரையில் நின்ற நாட்கள்

பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண், போலந்தின் கிறிஸ்டினா ஹொய்னோவ்ஸ்கா லிஸ்கியேவிச். கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து அவர் புறப்பட்ட நாள் 1976 மார்ச் 28 என்று எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அதற்கு முன்பே ஒருமுறை புறப்பட்டார். பழுதின் காரணமாகத் திரும்பி வந்தார். சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பிய நாள்தான் மார்ச் 28. இடையே படகு கட்டிக் கிடந்த நாட்களுக்கு வரலாற்றில் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை.

அவருடைய 'மசூரெக்' ஒன்பதரை மீட்டர் நீளப் படகு. இந்த அளவுப் படகில் அடுக்களை, படுக்கை, பட்டறை எல்லாம் ஒன்றுதான். உள்ளே இறங்கும் படியைக் கழற்றினால்தான் பெரும்பாலும் எஞ்சினைத் தொட முடியும். தரைப்பலகையைத் தூக்கினால்தான் அடியில் தேங்கிய நீரும் குழாயும் கண்ணில் படும். ஸ்பேனர்கள் படுக்கைக்கு ஏறும். போர்வை வரைபட மேசைக்குப் போகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் யாரோ சோறு வடித்தாக வேண்டுமே. தனியாகச் செல்பவளுக்கு அந்த யாரோவும் அவளேதான். எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். துண்டும் சோப்புமாகத் துறையின் பொதுக் குளியலறைக்கு நடக்க வேண்டும். கிறிஸ்டினா கப்பல் கட்டும் பொறியாளர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படகு அவருக்குத் தொழிலும்தான்.

1969இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்தபின், நிற்காமல் போவதே பெருமையின் அளவுகோல் ஆயிற்று. 1977 செப்டம்பரில் இங்கிலாந்தின் டார்ட்மத்திலிருந்து கிளம்பிய நியூசிலாந்துப் பெண் நவோமி ஜேம்ஸின் எண்ணமும் அதுவே. தானியங்கிச் சுக்கான் பழுதானதால் கேப்டவுனில் நிற்க வேண்டியதாயிற்று. காற்றின் திசையைக் கொண்டு படகைத் தானே நேர்வழியில் செலுத்தும் கருவி அது. அது இயங்கும்போதுதான் தனியாள் சமைக்கலாம், தூங்கலாம், துணி காயப்போடலாம். அந்த நேரத்தை மீட்கத்தான் அவர் கரைக்கு வந்தார். பிறகு படகு கவிழ்ந்து நிமிர்ந்தது, பாய்மரம் சேதமானது. ஹார்ன் முனையைக் கடந்தபின் ஃபாக்லாந்து தீவுகளில் மறுபடி நின்றார். 1978 ஜூன் 8இல், 272 நாட்களில் பயணம் முடிந்தது. நிற்காமல் சுற்றிய முதல் பெண் என்ற பட்டம் பத்தாண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் கே காட்டிக்குப் போனது. அவருடைய சாதனையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் 'நிற்காமல்' என்ற சொல்லை மட்டும் என்னால் சந்தேகிக்காமல் வாசிக்க முடிவதில்லை. பராமரிப்பு என்பதே வேலையில் சேராது என்று நம்பியவர்கள் உண்டாக்கிய அளவுகோல் அது. நம் வீடுகளிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது.

இந்தியக் கடற்படையின் ஆறு பெண்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். நான்கு துறைமுகங்களில் நிற்பதாகத் திட்டம். கடைசிக் கட்டத்தில் சுக்கானில் கோளாறு ஏற்பட, 2018 ஏப்ரலில் மொரீஷியஸின் போர்ட் லூயிக்குள் ஐந்தாவதாக ஒதுங்கினார்கள். மே 21இல் கோவா திரும்பினார்கள். மொத்தம் 254 நாட்கள், கடலில் 199. மீதி 55 நாட்களைத்தான் நான் முதலில் எண்ணினேன்.