கௌதமபுரத்தின் கால்களும் பெங்களூரு ஸ்டேடியமும்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவனுக்குச் சமதரையின் அருமை தெரியும். சரிவெல்லாம் தேயிலை. கொழுந்து ஏற்ற வரும் லாரி திரும்புவதற்கு விட்ட இடம்தான் எங்களுக்கு மைதானம். பந்து வெளியே போனால் பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டும். அப்படி ஆடிய நான் ஒரு கால்பந்து ஸ்டேடியத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது 2013இல், பெங்களூரில்.

கூடலூர், மைசூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். அல்சூர் கௌதமபுரத்தில் குடியிருந்த சித்தப்பா அழைத்துப் போனார். அன்று செப்டம்பர் 22. புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்சி தன் முதல் ஐ-லீக் ஆட்டத்தில் மோகன் பகானை எதிர்கொண்டது. அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியம் சின்னதுதான். ஆனால் நமக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஓடுபாதை கிடையாது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும். ஷான் ரூனி கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. அந்தப் பருவத்திலேயே பெங்களூரு சாம்பியன் ஆனது.

2014இல் அணி ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறியது. 1997இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த பெரிய அரங்கம் அது. இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் சுற்றிலும் தடகள ஓடுபாதை. பந்து தூரத்தில் உருளும். பழைய ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்து இருக்கைகளை வைத்து 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்ட ரசிகர்கள் அந்தப் பெயரைப் புது இடத்துக்கும் கொண்டுபோனார்கள். அதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டார்: "ஒரு வருஷம் உக்காந்த எடத்தோட பேரை நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. அங்க காலமெல்லாம் ஆடுன நம்ம பசங்க பேரை யாருடா எடுத்துக்கிட்டுப் போனது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வரலாறு.

1809இல் வெள்ளையர் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். படைக்குச் சமைக்க, குதிரை பார்க்க, மூட்டை சுமக்க, கழிவு அள்ள ஆள் வேண்டுமே! வட ஆற்காடு போன்ற தமிழ்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் போய்க் குடியேறினார்கள். சிப்பாய்கள் ஆடிய பந்தை ஓரத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடக் கற்றார்கள். அல்சூரும் ஆஸ்டின் டவுனும் கால்பந்து பேட்டைகள் ஆனது அப்படித்தான்.

பிரிட்டிஷ் படையணிகளே வென்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி தூக்கியது. அதை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடிய ஆட்டம் அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த கண்ணனை 'ஆசியாவின் பெலே' என்றார்கள்.

இவர்களுக்குச் சாதிப் பட்டியல் போடுவது என் வேலையல்ல. ஆனால் பதிவேடுகளில் 'மைசூர்', 'பெங்களூர்' என்றுதான் இருக்கிறது. ஆட்டக்காரர்களை வளர்த்த சேரிகளுக்கும் சின்னத் திடல்களுக்கும் அங்கே இடமில்லை. அதனால்தான் கௌதமபுரம் தன் வரலாற்றைச் சிலையாக வைத்துக்கொண்டது. புத்தர், அண்ணல் அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரோடு அங்கே பெலேவும் நிற்கிறார்.

பழைய ஸ்டேடியத்தோடு போனது வெறும் இருக்கைகள் அல்ல. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சொந்தக் கால்பந்து அணிகள் இருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு நிரந்தர வேலை கிடைக்கும், குடும்பம் நிமிரும். எச்.ஏ.எல். 2012 வரை ஐ-லீக்கில் ஆடியது. அடுத்த ஆண்டு வந்தது ஒரு தனியார் குழுமத்தின் அணி. அது இந்தியக் கால்பந்தின் தரத்தை உயர்த்தியது உண்மை; நானே அதன் ரசிகன். ஆனால் கிளப் தருவது ஒப்பந்தம். முழங்கால் போனால் அதுவும் போச்சு. பென்ஷன் தந்த வேலைக்கு அது ஈடாகுமா? தனியார்மயம் பறித்த இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் நாம், அதோடு சேர்ந்து போன விளையாட்டு வேலைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

1968-69இல் சந்தோஷ் கோப்பையை வென்ற மைசூர், கர்நாடகமாக அதை மறுபடி வெல்ல 2023 ஆயிற்று. இடையில் 54 ஆண்டுகள். ஸ்டேடியம் பெரிதானால் ஆட்டம் தானாக வளர்ந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீலகிரிக்கு வருகிறேன். தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு வசதி செய்துதரும்படி தோட்ட முதலாளிகளைக் கட்டாயப்படுத்த, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. இத்தனை ஆண்டு கழித்தும் எங்கள் லைன் பிள்ளைகள் லாரி திரும்பும் இடத்தில்தான் ஆடுகிறார்கள். லாரி வந்தால் ஆட்டம் நிற்கிறது. அவர்கள் ஸ்டேடியம் கேட்கவில்லை. லாரி வராத ஒரு சமதரையைத்தான் கேட்கிறார்கள். அது சலுகை அல்ல, உரிமை.

ஜெய் பீம்.