கருங்கல்லின் பேரைச் சுமந்த கடப்பாக்கல்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானதை ஒட்டி இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்ட அந்தத் தூண்கள் கடல் காற்றையும் உப்பையும் புயல்களையும் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. செதுக்கு வேலை இன்னும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அங்கிருந்து மேற்கே சில தெருக்கள் தள்ளி, தமிழர் பகுதி வீடுகளின் சமையல் மேடைகளில் வேறொரு கறுப்புக் கல் இருக்கிறது. போட்ட புதிதில் முகம் தெரிய மின்னியது, சில வருடங்களில் சிங்க் ஓரமாகச் சாம்பல் பூத்துப்போகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் டம்ளர் அடி அளவில் வெளிறிய வட்டங்கள் விழுகின்றன. ‘கல்லு மட்டம்’ என்று விற்றவரைக் குறை சொல்கிறோம், அல்லது மேடையைத் தேய்த்தவரைக் குறை சொல்கிறோம். இரண்டும் நியாயமில்லை. செஞ்சித் தூணைப் பார்த்து, அம்மியைப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகக் கருங்கல்லின்மேல் நாம் வைத்த நம்பிக்கையை, அதற்குச் சம்பந்தமே இல்லாத சுண்ணாம்புக்கல்லின்மேல் ஏற்றிவிட்டோம். மேடை கெட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த நம்பிக்கை வீணாக வந்ததில்லை. புதுச்சேரிக்கு வடமேற்கே வானூர், திருவக்கரை, திண்டிவனம் பக்கமெல்லாம் கல்குவாரிகள். கருங்கல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், கொல்லைப்புறத்துத் துவைகல் எல்லாம் அந்த வகைதான். அம்மியில் என்னதான் அரைக்கவில்லை? புளி, தக்காளி, மாங்காய், உப்பு, மிளகாய் எல்லாம் தினமும் அதன்மேல் நசுங்கின. கருங்கல்லில் பெரும்பகுதி குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். சமையலறைப் புளிப்பு எதுவும் அவற்றை அசைக்காது. அம்மி தேய்ந்தது உரசலால் மட்டுமே. அது வழவழப்பாகிவிட்டால் மசாலா வழுக்கும், அரைபடாது. அப்போது தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவி வருபவரைக் கூப்பிட்டு உளியால் பொளியச் சொல்வார்கள். கல்லைப் பராமரிப்பது என்றால் அந்த வீடுகளில் அதைச் சொரசொரப்பாக்குவதுதான். பளபளப்பு அங்கே குறைபாடு. கல்யாணத்தில் மணப்பெண்ணை அம்மி மிதிக்கச் செய்யும் சமூகம், கல் மாறாது என்பதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை, அன்றாடம் கைபட்டுத் தெரிந்துகொண்டு சொன்னது.

சுண்ணாம்பையும் அந்த வீடுகள் நன்றாக அறிந்திருந்தன, ஆனால் அதைக் கல்லாக நடத்தவில்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி அரைத்த சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்கும் பூச்சு இந்தக் கடற்கரை முழுக்கப் பெயர் பெற்றது. 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நகரத்தை 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் திரும்பக் கட்டியபோதும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கைகொடுத்தன. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அதாவது அந்தச் சுவர்கள் மெல்லிய சுண்ணாம்புக்கல் தோல் போர்த்தவை. புளிப்பு பட்டால் கரையக்கூடியவைதான். ஆனாலும் கெடவில்லை, ஏனென்றால் வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். போன தோல் திரும்ப வந்தது. புளிக்கும் வீட்டில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பித்தளை, வெண்கலம் துலக்கப் புளி வேண்டும்; அது கிணற்றடியில், கருங்கல்மேல் நடந்த வேலை. மற்றப் பாத்திரங்களுக்குத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் போதும். சாம்பல் காரம், அது சுண்ணாம்பைத் தின்னாது. இதையெல்லாம் யாரும் வேதியியல் படித்து ஏற்படுத்தவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் புளிப்பும் சுண்ணாம்பும் சந்திக்க அநேகமாக வாய்ப்பே இல்லை.

அவை சந்தித்தது சமையல் எழுந்து நின்றபோது. தரையில் உட்கார்ந்து விறகடுப்பு ஊதிய காலம் போய், 1960-களுக்குப் பிறகு சிலிண்டர் எரிவாயு மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தது. சிலிண்டர் கீழே, அடுப்பு மேலே என்று இடுப்பளவு மேடை தேவைப்பட்டது. அதற்குக் கடப்பாக்கல் வசதியாக இருந்தது. ஆந்திராவின் கடப்பை, கர்நூல் பக்கத்துப் படிவப்பாறை அது. பெரிய பெரிய பலகைகளாகப் பிளந்து வரும், விலை குறைவு, நிறம் கறுப்பு. அலமாரித் தட்டு, ஜன்னல் அடிக்கல், சமையல் மேடை எல்லாவற்றுக்கும் அதுவே போனது. பாலிஷ் போட்டால் பார்வைக்குக் கருங்கல் மாதிரியே இருக்கும். இருந்தும் அது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அம்மிக்கு உறவில்லை, வெள்ளையடித்த சுவருக்கு உறவு. புளி கரைத்த கிண்ணமும் எலுமிச்சை மூடியும் ரசம் வழிந்த கரண்டியும் முதல்முறையாகச் சுண்ணாம்பின்மேல் வந்து உட்கார்ந்தன. ‘கல்லுக்கு என்ன ஆகும்’ என்ற பழைய தைரியத்தோடுதான் வைத்தோம்.

இதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. இந்த ஊர்க் கிணறுகளின் உவர்ப்பு புதிய செய்தியல்ல. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்கா நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் குழாயடியிலும் சிங்க் ஓரத்திலும் காய்ந்து காய்ந்து வெள்ளை உப்புக்கறையாக ஏறும். சோப்புக்கு அசையாது, தேய்த்தாலும் போகாது, ஆசிட் பட்டால் மட்டும் நொடியில் நுரைத்துப் போய்விடும். வீட்டில் இதைக் கண்டுபிடித்தவர் அதே பாட்டிலை மேடைப் பக்கம் திருப்புவது இயல்பு. அங்கேதான் வினை. உப்புக்கறையில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், கடப்பாக்கல்லும் கால்சியம் கார்பனேட். எது கறை, எது மேடை என்று ஆசிட்டுக்குத் தெரியாது. கடப்பாக்கல்லின் கண்ணில் படாத ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் குனிந்து பார்த்தால் இது விளங்கும். சொட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் குமிழிகள் கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் சொட்டு இருந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கும். விரலால் தடவினால் சுற்றியுள்ள வழவழப்பு அங்கே இல்லை. அது ஒட்டிய கறை இல்லை, கல் போன இடம். ஒட்டாததை எப்படித் தேய்த்து எடுப்பது? ஆனால் கறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றுகிறோம்.

ஆசிட் பாட்டில் வீட்டுக்குள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். பெண்கள் கடையில் தேடி வாங்கியதாக மட்டும் நினைத்தால் தவறு. கட்டட வேலையும் ஒரு வாசல். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமெண்ட் கறை போக நீர்த்த ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுப்பது கொத்தனார்களின் வழக்கம். மொசைக் தரை போட்ட வீடுகளில் கடைசிப் பாலிஷுக்கு ஆக்சாலிக் பவுடரைத் தூவி இயந்திரம் ஓட்டினார்கள், தரை கண்ணாடியாக மின்னியது. ஆக்சாலிக்கும் அமிலம்தான், ஆனால் அது சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத மெல்லிய படலமாகிறது, அதைச் சரியான அளவில் தேய்த்து ஏற்றுவது தொழில் தெரிந்தவர் கைவேலை. பார்த்துக்கொண்டிருந்த வீட்டாருக்கு இந்த நுணுக்கத்தை யாரும் சொல்லவில்லை. ‘ஆசிட் போட்டால் பளிச்சென்று ஆகும்’ என்ற பாடம் மட்டும் மிஞ்சியது. பிறகு சைக்கிளில் பினாயிலும் ஆசிட்டும் விற்று வந்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனையைக் கட்டுப்படுத்த உத்தரவிட்டது. அது மனிதர்மீது ஆசிட் வீசும் கொடுமைக்கு எதிராக எழுந்த தேவையான உத்தரவு. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் மளிகைக் கடையில் இன்றும் கிடைக்கிறது. அது பீங்கானுக்காகச் செய்தது. பாட்டிலில் எழுதியிருப்பதும் அதுதான்.

அப்படியானால் குற்றம் பாட்டிலுடையது, பழைய முறைக்குத் திரும்பினால் கல் தப்பும் என்று ஒரு வாதம் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், வினிகரில் அசிட்டிக். இயற்கையானது என்ற பேரால் எதுவும் கடப்பாக்கல்லை மன்னிப்பதில்லை. ஆசிட்டுக்கு நொடி போதும், புளித்தண்ணீருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவே. செங்கல் பொடியும் அப்படித்தான். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் கடினத்தன்மை அளவில் 3, செங்கல்லில் இருக்கும் மணலின் குவார்ட்ஸ் 7. பித்தளைக்கு ஏற்ற தூள் இந்த மேடையில் கீறல்தான் போடும். பழைய வீட்டின் அறிவு புளியிலோ சாம்பலிலோ இல்லை; எதை எதன்மேல் வைத்துத் தேய்ப்பது என்ற இடப் பிரிப்பில் இருந்தது. அந்த இடப் பிரிப்பை விட்டுவிட்டுப் புளியை மட்டும் திரும்ப எடுத்து வருவதில் பயனில்லை.

கிரானைட், அதாவது கருங்கல் மேடையும்தானே மங்குகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. தமிழ்நாட்டில் கிரானைட் வெட்டி விற்க மாநில அரசின் டாமின் நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் ஏற்பட்டது. பாலிஷ் போட்ட பலகைகள் 1990-களில் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. கிரானைட்டின் கல் கரைவதில்லை, ஆனால் பொடித்துளைகளில் எண்ணெயும் மஞ்சளும் இறங்கும், பிசின் பூச்சு போட்டிருந்தால் கடுமையான திரவங்களில் அது போகும். கறுப்புக்காகச் சாயம் ஏற்றிய பலகை என்றால் சாயமே வெளுக்கும். ஆகவே கிரானைட்டில் மேல்பூச்சு கெடுகிறது, கடப்பாக்கல்லில் கல்லே கெடுகிறது. முன்னதை மறுபடி பூசலாம். பின்னதைப் பட்டைக்கல் பிடித்து மட்டம் எடுத்துத் திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். எண்ணெய் தடவினால் கறுப்பு திரும்புவதுபோல் இருக்கும், இரண்டு முறை கழுவினால் மறைந்துவிடும்.

மேடை மங்குவது ஒரு பெரிய விஷயமா என்ற கேள்விக்கும் இடம் உண்டு. ஐரோப்பிய அடுமனைகளில் பளிங்கு மேசைகள் மழுங்கி வட்டம் வட்டமாகத் தடம் விழுந்தும் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. மங்கிய கடப்பாக்கல் மேடையிலும் சோறு வடிக்கலாம், தடையில்லை. மங்கலை மங்கலாகவே ஏற்றுக்கொள்ளும் வீடுகளோடு எனக்கு வழக்கே இல்லை. ஏற்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப ஆசிட் ஊற்றும் வீடுகளில்தான் நஷ்டம் மேடையோடு நிற்பதில்லை. பலகை இணைப்புகளின் சிமெண்ட் உதிர்கிறது, ஸ்டீல் சிங்க்கில் புள்ளி விழுகிறது, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கிறது. பழைய வீடு என்றால் இன்னும் கவலை. மேடையில் ஊற்றியது பின்சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் தெறிக்கிறது, அந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் அப்புகிறார்கள், சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் தங்கிச் செங்கல்லை அரிக்கிறது. இன்டாக் போன்ற அமைப்புகள் இந்த ஊரின் பழைய வீடுகளைச் சுண்ணாம்பு கொண்டே புதுப்பிக்கப் பல வருடங்களாகப் பாடுபடுகின்றன. தெருப்பக்கத்துத் தூணுக்கும் முகப்புக்கும் கிடைக்கும் அந்தக் கவனம் அடுக்களைச் சுவருக்கும் வேண்டும். வேலை முடித்துச் சாவி கொடுக்கும் நாளில், மேடையில் கிடப்பது சுண்ணாம்புக்கல்லா கருங்கல்லா என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டும் காட்டிவிட்டுப் போவதைக் கொத்தனாரின் வேலையிலேயே ஒரு பகுதியாக்கலாம். கூலிக் கணக்கில் அதற்கென்று எதுவும் ஏறாது.