கனியை நிறுத்திய மருந்தே கனியை உதிர்த்த வரலாறு



ஆண்டாப் ஹில்லில் வாழும் நம்மவர்க்கு நாகபுரிக் கமலா ஆரஞ்சின் வரவு நன்கு தெரியும். தீபாவளியை ஒட்டித் தள்ளுவண்டிகளில் வருவது சற்றுப் புளிக்கும். மாசி, பங்குனியில் வருவது இனிக்கும். முன்னதை அம்பியா பகார் என்றும் பின்னதை மிருக பகார் என்றும் விதர்ப்பத்து உழவர் வழங்குவர். மரமோ இரு பருவத்திலும் பூக்க வல்லது. எனினும், இரண்டையும் தாங்கினால் அது நலியும் என்பதால் ஒன்றையே தேர்கின்றனர். மிருக பகார் வேண்டுவோர் கோடையில் நீரை நிறுத்தி மரத்தை வாட விடுவர். மராத்தியில் இதற்குத் 'தாண்' என்று பெயர். முதல் மழை பட்டதும் மரம் பூத்துக் குலுங்கும்.

மிகுதியாய்க் காய்ப்பதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். புளோரிடாவில் மர்காட் என்னும் வகை, காய்ப்பு மிகுந்த ஆண்டில் வேரிலுள்ள மாச்சத்தையெல்லாம் கனிகளுக்கே ஈந்துவிட்டு, மரத்தோடு பட்டுப்போனதுண்டு. கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையம் 1935-இல் வெளியிட்ட வில்கிங் என்னும் வகையோ ஓராண்டு கிளை முறியக் காய்க்கும். மறு ஆண்டு வெறுமனே நிற்கும். பிஞ்சுகளைக் கையால் கிள்ளிக் குறைக்கலாம்தான்; கூலி யார் கொடுப்பது?

இங்கேதான் ஒரு விந்தை. 1939-இல் அமெரிக்க அறிஞர்கள் கார்ட்னர், மார்த், பாட்ஜர் மூவரும், நாப்தலீன் அசிடிக் அமிலத்தைத் தெளித்தால் முதிர்ந்த ஆப்பிள் உதிராமல் மரத்திலேயே நிற்கும் என்று கண்டனர். ஈராண்டு கழித்து, 1941-இல், பர்க்கோல்டரும் மக்கவுனும் அதே அமிலத்தை முன்னதாகவே தெளித்தபோது ஆப்பிள் பிஞ்சுகள் உதிர்ந்தன! 1960-களில் ரிவர்சைடில் ஹீல்டு முதலியோர் இம்முறையை ஆரஞ்சு இனங்களுக்குக் கொண்டுவந்தனர். இளம் பருவத்தில் வலுவாகத் தெளித்தால், பிஞ்சினுள் எத்திலீன் வாயு பெருகி, வளர்ச்சி தடைப்பட்டு, நலிந்தவை காம்போடு கழன்று விழும், எஞ்சியவை பெருக்கும்.

நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமோ இதே அமிலத்தைக் கமலா மரத்தில் பிஞ்சு நிலைப்பதற்கே பரிந்துரைக்கிறது. ஆனால் பத்து லட்சம் பங்கு நீருக்கு 30 பங்கு வீதம். உதிர்ப்பதற்கு வேண்டுவது சில நூறு பங்கு. அளவும் பருவமும் மாறினால் பயனே தலைகீழாகும். போதாக்குறைக்கு, வெயில் கடுமையானால் எண்ணியதற்கு மேலாகவே உதிரும்.

கடன் வாங்கித் தோட்டம் நடத்துபவன் கண்முன் இருக்கும் பிஞ்சை மருந்திட்டு வீழ்த்தத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டின் மரத்துக்காக இந்த ஆண்டின் பணத்தை இழக்கச் சொல்வது எளிதன்று. ஆகவே நாகபுரிப் பக்கத்தில் பெரிதும் நம்பப்படுவது இன்றும் நீரை நிறுத்தும் அப்பழைய முறைதான். அதிலும் ஒரு சங்கடம் உண்டு: வைகாசியில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்துவிட்டால் மரம் வாடாது, பூவும் ஒழுங்காக வராது. அவ்வாறானால் வரும் மாசியில் நம் தள்ளுவண்டிக்காரரிடம் இனிப்புப் பழம் கேட்டுப் பயனில்லை.