படிகள்

சிட்னித் துறைமுகக் கரையில் நிற்கும் ஆபரா மாளிகையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. காற்றில் புடைத்த பாய்களைப் போன்ற அந்த வெள்ளைக் கூரையைப் பற்றி எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் அங்கே போய் நின்றபோது மனத்தைக் கவர்ந்தவை படிகள்தாம். சுமார் 100 மீட்டர் அகலத்துக்கு, ஒரு குன்றையே செதுக்கி வைத்தாற்போல் அவை விரிந்து கிடந்தன.

அந்தப் படிகளுக்கு ஒரு கதை உண்டு. ஜோர்ன் உட்சோன் என்ற டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் 1949-ல் மெக்ஸிகோவுக்குப் போனார். அங்கே பழைய கோயில்களின் உயர்ந்த மேடைகளில் ஏறினார். அடர்ந்த காட்டின் இருளை விட்டு மேலே வந்ததும் திடீரென்று வானம் திறந்தது. அந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை. 1957-ல் சிட்னிப் போட்டியில் அவர் வரைபடம் வென்றபோது, நகரத்துச் சந்தடியைக் கீழே விட்டுவிட்டு மனிதன் ஏறிச் சென்று இசை கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

நல்ல எண்ணந்தான். ஆனால் ஏற முடியாதவன் என்ன செய்வான்?

1973-ல் மாளிகை திறக்கப்பட்டபோது இதற்குத் தக்க பதில் இல்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்களை ஊழியர்கள் உட்புற வழிகளில் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கச்சேரியைக் கேட்டுவிடலாம். இடைவேளையில் எல்லோரும் வடக்குக் கூடத்துக்குப் போய்க் கண்ணாடிச் சுவர் வழியே கடலைப் பார்ப்பார்களே, அங்கே தாமாகப் போவதற்குத்தான் வழியில்லை.

இடைவேளைதானே என்று நினைக்காதீர்கள். என் அத்தைக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் விளங்காது. சபாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்போம். தனி ஆவர்த்தனம் முடிந்து நாங்கள் காப்பிக்கு எழுந்து போவோம். திரும்பி வரும்போது, காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். "காப்பி நன்னாயிருந்ததா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சிட்னியில் பதில் தேடினார்கள். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1966-ல் அரசுடன் ஏற்பட்ட மனத்தாங்கலால் வெளியேறிய உட்சோன், 1999-ல் மீண்டும் ஆலோசகராக இணங்கினார். அவருடைய மகன் யான், சிட்னிக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ஜான்சன் ஆகியோரின் துணையோடு மேற்குக் கூடங்கள் திருத்தப்பட்டன. 2009-ல் அங்கே லிப்டும் நகரும் படிகளும் வந்தன. 2007-லேயே அது உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டதால், பின்னர் ஒவ்வொரு சுவரைத் தொடவும் யோசிக்க வேண்டியிருந்தது. பெரிய படிகளின் மேல் ஒரு சரிவைப் போட்டால் உட்சோனின் கற்பனை சிதைந்துவிடும். ஆகையால் கட்டடத்தின் உள்ளேயே வழி தேடினார்கள். 2020-ல் மூடப்பட்ட பெரிய கச்சேரி மண்டபம் 2022-ல் திறந்தபோது, உள்ளே லிப்ட் இருந்தது; வடக்குக் கூடத்துக்குப் புதிய வழி இருந்தது; சக்கர நாற்காலிகளுக்குக் கூடுதல் இடங்களும் இருந்தன. திறப்பு விழாவுக்குப் பிறகு 49 ஆண்டுகள்!

"பாரம்பரியக் கட்டடத்தில் கை வைக்கலாமா?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. அவர்கள் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. கண்டபடி இடித்துப் பாழாக்கிய கட்டடங்கள் எத்தனையோ. ஆனால் பாரம்பரியம் என்பது கல் மட்டுந்தானா? அந்தக் கல் எதற்காக அடுக்கப்பட்டதோ அந்த நோக்கமும் பாரம்பரியமல்லவா? மனிதனை மேலே அழைப்பதற்காகக் கட்டிய இடம், சிலரைக் கீழேயே நிறுத்தி வைத்தால், அங்கே குறைபட்டிருப்பது அவர்களுடைய கால் அல்ல.

ஒரு விசித்திரம்: 1966-ல் ஆஸ்திரேலியாவை விட்டுப் போன உட்சோன் மீண்டும் அங்கே வரவே இல்லை. 2008-ல் காலமாகும்வரை, கட்டி முடிந்த தம் மாளிகையை அவர் நேரில் பார்க்கவில்லை. தாம் கனவு கண்ட படிகளில் ஏறாமலே போனவர் அவர். அத்தையின் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.